குளக்கரையில் ஒரு கூடாரம்



பாடசாலை விடுமுறை வந்ததும், பிள்ளைகளை அழைத்துச் சென்று நீர்நிலை ஒன்றின் அருகே கூடாரமடித்து ஓரிரவு தங்கி வரவேண்டும் என்னும் ஆசை பல குடும்பங்களில் எழுகின்றது. அது நல்ல ஆசையே. நாரையும் கொக்கும் நம்மவர் நூல்களில் மட்டும் வாழ்வன அல்ல என்பதைச் சிறுவர் நேரிற் கண்டறிய அதனினும் சிறந்த வழி வேறில்லை. ஆயினும், பெரியவர் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் கரை வேறு, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கரை வேறு. இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. கைகளை வீசி உதவி கோருவதுமில்லை. மூச்சுக்கே போராடும் குழந்தைக்குக் குரல் எழுப்ப இயலாது. ஆகவே, அருகிலிருந்து சமைப்போரின் செவிக்கு ஒன்றும் எட்டாமலே ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடலாம். "சத்தம் கேட்டால் ஓடிப் பிடிப்போம்" என்னும் நம்பிக்கை இவ்விடத்திற் பயன்படாது. இடத்தைத் தெரிவு செய்யும்போதே பாதிக் காவலைச் செய்து முடித்துவிட வேண்டும்.

நமது வறண்ட பிரதேசத்துக் குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று முகங்கள் உண்டு. ஒன்று அணைக்கட்டு, மற்றொன்று வானும் துருசும் அமைந்த பகுதி, மூன்றாவது, கட்டுக்கு எதிர்ப்புறத்தே விரிந்து கிடக்கும் அலைகரை. கட்டின்மீது நின்றால் காற்றும் இனிது, காட்சியும் இனிது. ஆனால், குளத்தின் ஆழமெல்லாம் கட்டின் அடியிலேதான் உள்ளது. கற்பதித்த சரிவிற் பாசி படிந்திருக்கும்; கால் வழுக்கினால் பற்றிக்கொள்ள ஒன்றுமிராது. அன்றியும், கட்டு என்பது கமக்காரரின் உயிர்நாடி. அதிற் குழி தோண்டுவதும் முளையடிப்பதும் தகாத செயல்கள். துருசுக்கு அருகே நீர் உள்ளிழுக்கும். வானுக்குக் கீழே, வெளியே தெரியாமல் நீர் திடீரெனப் பெருகும். இவ்விரு முகங்களையும் பிள்ளைகளோடு செல்வோர் தவிர்த்துவிட வேண்டும்.

எஞ்சியிருப்பது அலைகரை. அங்கே நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்து நீருக்குள் இறங்கும். முழங்காலளவு நீர் பல மீற்றர் தூரம் பரந்திருக்கும். இதுவே சிறுவருக்கு உகந்த முகம் எனலாம். ஆயினும், அலைகரைக்கும் குற்றங்கள் உண்டு. கட்டுக்கும் செங்கல்லுக்கும் மண்ணெடுத்த கிடங்குகள் நீருக்கடியில் மறைந்து கிடக்கலாம். எனவே, பிள்ளை இறங்குமுன் வளர்ந்த ஒருவர் கையிற் கோலுடன் இறங்கி, அடியை ஊன்றி ஊன்றிச் சோதித்து வருதல் வேண்டும். பிள்ளை விளையாடக்கூடிய எல்லையை நான்கு தடிகள் நட்டுக் குறித்துவிடுதலும் நன்று.

அடுத்தது, அக்கரைக்கு வந்துபோகும் பிற உயிர்கள். வறட்சிக் காலத்தில் நீர் ஒடுங்க ஒடுங்க, யானைகள் அலைகரைப் புல்லைத் தேடி வரும். மகாசேன மன்னன் கட்டுவித்த மின்னேரியாக் குளத்தில் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் திரள்வது உலகறிந்த காட்சி. அதைப் பகலில் வாகனத்திலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டலாம், காட்டவும் வேண்டும். இரவில் அத்தகைய கரைகளிற் கூடாரமடிப்பது வேறு கதை. புதிய யானை இலத்தியோ அடிச்சுவடோ காணப்படுமாயின், அவ்விடத்தை விட்டு நீங்குவதே முறை. சேற்றிலே வயிறு இழுபட்ட தடம் தென்பட்டால் அது முதலையின் வழியாக இருக்கலாம். நம் குளங்களிற் பலவற்றில் முதலை உண்டு; குளம் வற்றும்போது தரைவழியே அடுத்த குளத்துக்குச் செல்வதும் அதன் இயல்பு. சென்ற ஆண்டு இல்லாத முதலை இவ்வாண்டு இருக்கக்கூடும். இதனை உள்ளபடி அறிந்தவர்கள் அக்குளத்தில் வலை வீசுவோரும் அங்கே மாடு மேய்ப்போருமே. அவர்களைக் கேளாமல் எந்தக் கரையிலும் தங்காதீர்கள்.

மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் இயல்பு வேறு. அவை பள்ளத்தாக்குகளை மூழ்கடித்து ஆக்கப்பட்டவை. ஆதலால், கரையிலிருந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் ஆழம் ஆளை மூடிவிடும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் குறையும்போது பழைய மஸ்கெலியா நகரின் வழிபாட்டிடங்கள் வெளியே தோன்றுவதை நீங்கள் அறிவீர்கள். நீருக்கடியில் சுவரும் மரக்கட்டையும் இருக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. அங்கே காட்சியைக் கண்டு மகிழலாம். சிறுவரை நீரில் இறக்குவது தகாது.

இனிக் கூடாரத்தின் இடம். நீர் விளிம்பிலிருந்து குறைந்தது எண்பது எட்டாவது தள்ளி, மேட்டு நிலத்தில் அமையட்டும். முன்னைய வெள்ளம் ஒதுக்கிய சருகுக் கோடு எங்கே தெரிகின்றதோ, அதற்கு மேலேயே தங்க வேண்டும். கூடார வாயில் நீரை நோக்கியிராமல் பக்கவாட்டில் இருப்பது நலம். விடியலில் முதலில் விழிப்பவர் பெரும்பாலும் குழந்தையே அல்லவா? மருதமர நிழல் இனிதுதான். எனினும், காய்ந்த கிளையும் குளவிக் கூடும் மேலே உண்டா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு அமருங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமின்னல் மிகும். கூடாரம் மின்னலுக்குக் காப்பன்று, தனிமரமோ பெருங்கேடு. ஓடிப் புகுவதற்கு வீடோ, மூடிய மோட்டார் வாகனமோ அருகில் இருத்தல் வேண்டும்.

காற்றையும் மறக்கலாகாது. சோளகம் வீசும் நாட்களில், கரையிலிருந்து நீரை நோக்கிக் காற்றுச் செல்லும் பக்கத்தில் பந்தோ இறப்பர் வளையமோ கொடுத்தால், அது நடுக்குளத்தை நாடிப் போகும். பிள்ளை அதன் பின்னே போகும். நீர்மேல் பச்சை வர்ணம் ஊற்றியதுபோற் பாசி படர்ந்திருந்தால் அன்று குளிப்பே வேண்டாம். குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். இரவில் வெறுந்தரையிற் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் உறங்குவோரைத் தீண்டுவது வறண்ட பிரதேசத்தில் நிகழ்வதுண்டு. அக்கடி வலியின்றியே போகலாம். கூடாரத்தின் அடிவிரிப்பும் வாயிலும் இடைவெளியின்றி மூடப்படுவதாக இருக்கட்டும்.

அனுமதியும் இன்றியமையாதது. தேசிய பூங்காக்களுக்குள் வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடங்களில், முன்பதிவு செய்தே தங்கலாம். ஊர்க்குளமாயின் கிராம அலுவலரையும் கமக்காரர் அமைப்பினரையும் கண்டு பேசுங்கள். அயலில் உள்ள அரசாங்க வைத்தியசாலை எது, அதற்கு எவ்வளவு நேரம் செல்லும், தங்குமிடத்திலிருந்து தொலைபேசி எடுபடுமா என்பவற்றைப் பகலிலேயே அறிந்துவிட வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். ஆனால், அழைப்பு எடுபடாத கரையில் அந்த இலக்கத்தாற் பயனில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு முன்னரே சென்று சேருங்கள். இடத்தைச் சுற்றிப் பார்க்க வெளிச்சம் வேண்டும். சென்ற பின், பெரியவருள் ஒருவரைக் "காவல்" என்று பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் சமைக்கவும் வேண்டாம், பேசிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நீரில் நிற்கும் குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்பதே அவர் பணி. அரைமணிக்கொருமுறை ஆள் மாறலாம். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட பிள்ளையை ஒருவரும் பார்ப்பதில்லை.

இத்தனையும் பார்த்தபின் ஓரிடம் மனத்துக்கு ஒவ்வவில்லையாயின், கூடாரத்தைப் பிரிக்காமலே வண்டியில் வைத்திருங்கள். மாலைவரை கரையில் இருந்து, கட்டுச்சோற்றை உண்டு, பறவைகளைக் காட்டி, பொழுது சாயுமுன் வீடு திரும்புங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் நிறைவான ஒரு நாளே. குளம் அங்கேயே இருக்கும், மறுமுறை போகலாம்.