வரைபடம் மட்டும் போதாது



விலங்கு வளர்ச்சியில் குரோமாட்டின் புரதங்களின் பங்கைப் பேசக் கூடியிருக்கிறோம். தலைமையேற்றவன் என்ற முறையில் ஒரு கருத்தை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். ஒரு புரதம் டி.என்.ஏ.வில் எங்கே அமர்ந்திருக்கிறது என்று அறிவது வேறு; அங்கே அது என்ன செய்கிறது என்று நிறுவுவது வேறு. முன்னதில் வெகுதூரம் வந்துவிட்டோம். பின்னதில் பின்தங்கியே இருக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆண் பழ ஈயின் முன்கால்களில் மட்டும் கருமயிர்கள் சீப்புப்போல் வரிசையாக நிற்கும். 1947இல் பமீலா லூயிஸ் கண்டறிந்த பாலிகாம்ப் திடீர்மாற்றத்தில் மற்றக் கால்களிலும் அந்தச் சீப்பு முளைத்தது. உடற்பகுதிகளின் அடையாளத்தை வகுக்கும் மரபணுக்களை, வேண்டாத இடங்களில் பாலிகாம்ப் அடக்கிவைக்கிறது என்று 1978இல் எட்வர்ட் லூயிஸ் விளக்கினார். அவை இன்று ஹாக்ஸ் மரபணுக்கள் எனப்படுபவை. எந்த உடற்கண்டத்தில் எந்த மரபணு இயங்க வேண்டும் என்று முதலில் தீர்மானிக்கும் புரதங்கள் கருவின் தொடக்க மணி நேரங்களிலேயே மறைந்துவிடுகின்றன. தீர்மானமோ, செல் எத்தனை முறை பிரிந்தாலும் நிலைக்கிறது. அடங்கியதை அடங்கியே வைப்பது பாலிகாம்ப் குழுப் புரதங்கள். இயங்குவதை இயங்கவே வைப்பது டிரைதொராக்ஸ் குழுப் புரதங்கள்.

எப்படி? டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 27ஆம் லைசினில் மெத்தில் தொகுதிகளைச் சேர்க்கும் நொதி பாலிகாம்ப் குழுவில் இருப்பதை 2002இல் நான்கு ஆய்வுக்குழுக்கள் காட்டின. இந்த மெத்தில் குறி இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடங்கள் குவிந்தன. ஆனால் அடக்கத்துக்குக் குறிதான் காரணமா, அல்லது குறி அதன் விளைவா? நொதி வேறெதையேனும் மாற்றுகிறதா? வரைபடம் இதற்கு விடை சொல்லாது. விடை 2013இல் வந்தது. பழ ஈயின் ஹிஸ்டோன் மரபணுத் தொகுதியை நீக்கி, 27ஆம் லைசினுக்குப் பதில் ஆர்ஜினின் கொண்ட ஹிஸ்டோனைச் செல்களுக்குக் கொடுத்தார்கள். நொதியை இழந்த செல்களில் நேர்வதைப் போலவே, அடங்கியிருந்த ஹாக்ஸ் மரபணுக்கள் இயங்கத் தொடங்கின. நூறு வரைபடங்களுக்கு மேலாக இந்த ஒரு சோதனையை மதிக்கிறேன்.

இது ஈயோடு நிற்கும் செய்தியல்ல. குழந்தைகளின் மூளைத்தண்டில் தோன்றும் கொடிய கட்டிகள் பலவற்றில் இதே 27ஆம் லைசின் மெத்தியோனினாக மாறியிருப்பது 2012இல் தெரியவந்தது. ஒரு மரபணுப் பிரதி மாறினாலே செல் முழுவதும் அந்தக் குறி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மாறாக, அந்தக் குறியைச் சேர்க்கும் நொதியையே தடுக்கும் தாசெமெட்டோஸ்டாட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2020இல் வேறொரு புற்றுநோய்க்காக அனுமதி அளித்தது. திசுவுக்குத் திசு பொருள் மாறுகிறது என்றால், திசுவுக்குத் திசு சோதித்தே ஆகவேண்டும்.

அது கடும் உழைப்பு. இந்த நொதியை எலியில் முற்றிலும் நீக்கினால் கரு தொடக்கத்திலேயே இறந்துவிடும். குறித்த திசுவில், குறித்த வேளையில் நீக்கிப் பார்க்க வேண்டும். ஓர் ஆய்வேட்டுக்குள் முடியாமலும் போகலாம். அதற்காகவே அவசர முடிவுகளை எழுதுவது முறையாகாது.

ஆகவே மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த மேடையில் யார் வரைபடம் காட்டினாலும், நான் உட்பட, "இந்தப் புரதம் இல்லாவிட்டால் விலங்குக்கு என்ன ஆகிறது?" என்று தயங்காமல் கேளுங்கள். மூத்தவர்கள் அதற்குப் பதில் சொல்ல நேரம் ஒதுக்குங்கள். மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.