ஹெர்ரிங் மீனுக்கு வழி சொல்றது யாரு?

இன்னிக்கு எபிசோட் ஒரு மீனைப் பத்தினது. ஆனா கதை ஆரம்பிக்கிறது ஒரு நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து.

1981ல ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஸ்வீடனோட கடற்படைத் தளத்துக்குப் பக்கத்துல பாறையில ஏறி மாட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் ஸ்வீடன் கடற்படைக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் சந்தேகம்தான். கடலுக்கடியில ஏதோ பொரியுற மாதிரி ஒரு சத்தம் வருஷக்கணக்கா கேட்டுட்டே இருந்துச்சு. 1996ல அந்தப் பதிவை மாக்னஸ் வால்பெர்க், ஹோகன் வெஸ்டர்பெர்க்னு ரெண்டு ஆய்வாளர்கள்கிட்ட போட்டுக் காட்டினாங்க. அது கப்பலே இல்ல. ஹெர்ரிங் மீன் கூட்டம் பின்பக்கமா காத்து விடுற சத்தம்! (சிரிப்பு) இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு 2004ல இக் நோபல் பரிசு கிடைச்சுது.

நிஜமாவே இந்த மீனோட காத்துப்பையில இருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரு குழாய் போகுது. குமிழி அது வழியா வெளிய வருது. ஒரு கூட்டத்துல லட்சக்கணக்குல மீன் இருக்கும்னா சத்தம் எப்படி இருக்கும், யோசிச்சுக்கோங்க.

சரி, ஹெர்ரிங்னா என்ன மீன்? நம்ம ஊர் மத்தி, அதாவது சாளை, இதுக்குச் சொந்தக்காரன். அதே வெள்ளி மின்னல், அதே எண்ணெய்ச் சத்து. கடல்ல மிதக்குற நுண்ணுயிர்களைத் தின்னு வளரும். காட் மீன், திமிங்கிலம், கடற்பறவைன்னு எல்லாரும் இதைத் தின்னுதான் வாழ்றாங்க. முட்டையைக் கடலோட அடித்தரையில, சரளைக் கல்லு மேல ஒட்டுற மாதிரி இடும். 20 வருஷம் வரைக்கும்கூட உயிரோட இருக்கும். இந்த வயசு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

எண்ணெய் மீன்ங்கிறதால பிடிச்ச உடனே கெட ஆரம்பிச்சிடும். அதனால ஹெர்ரிங் வரலாறுங்கிறது பாதி உப்போட வரலாறு. இடைக்கால ஐரோப்பாவுல கிறிஸ்தவ நோன்பு நாட்கள்ல இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம். லியூபெக் நகர வணிகர்கள் லியூனபர்க் உப்பை, இன்னிக்குத் தெற்கு ஸ்வீடனா இருக்கிற ஸ்கேனியா கரைக்குக் கொண்டு போய், மீனைப் பீப்பாயில அடைச்சு ஊர் ஊரா வித்தாங்க. அப்புறம் டச்சுக்காரங்க. அவங்க முறையில செவுளையும் குடலையும் எடுத்துட்டு, கணையத்தை மட்டும் உள்ளேயே விட்டுடுவாங்க. அதுல இருக்கிற நொதிதான் உப்புக்குள்ள மீனைப் பக்குவப்படுத்தும்.

இப்போ 20ஆம் நூற்றாண்டு. ஐஸ்லாந்தோட வட கோடியில சிக்லுஃபியோர்துர்னு ஒரு குட்டி ஊர். 1903ல நார்வேக்காரங்க வந்து அங்க ஹெர்ரிங் தொழிலை ஆரம்பிச்சாங்க. கோடையில ஊர் நிரம்பி வழியும். படகு வந்ததும் பெண்கள் ராத்திரி பகல் பார்க்காம மீனை வெட்டி உப்புல அடுக்குவாங்க. ஒரு பீப்பாய்க்கு இவ்வளவுன்னு கூலி. மிச்ச மீன் எண்ணெய், மீன்தூள் ஆலைக்குப் போகும்.

அந்த மீன் ஐஸ்லாந்து மீனே இல்லைங்கிறதுதான் விஷயம். நார்வே கரையில பொறந்து, இரை தேடி ஐஸ்லாந்து பக்கம் வர்ற கூட்டம் அது. 1950கள்ல முட்டையிடுற வயசு மீன் மட்டுமே ஒரு கோடி டன்னுக்கு மேல இருந்துச்சுன்னு கணக்கு. அப்புறம் டெக்னாலஜி வந்துச்சு. மீன் கூட்டம் எங்கேன்னு சோனார் காட்டிடும். கையால இழுக்க முடியாத பெரிய வலையை பவர் பிளாக்னு ஒரு இயந்திரம் தூக்கிடும். தேடவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். 1960கள் முடியறதுக்குள்ள அந்தக் கூட்டத்துல நூத்துல ஒரு பங்குகூட மிஞ்சல. சிக்லுஃபியோர்துர் ஆலைகள் அடங்கிப்போச்சு. இன்னிக்கு அங்க ஹெர்ரிங் அருங்காட்சியகம்தான் இருக்கு.

நல்ல செய்தியும் உண்டு. மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தினாங்க. 1983ல பொறந்த தலைமுறை நல்லா பெருகிச்சு. 1990கள்ல கூட்டம் திரும்பவும் பல லட்சம் டன். ஆனா பழைய பாதை திரும்பல. முன்னாடி ஐஸ்லாந்துக்குக் கிழக்கே குளிர்காலத்தைக் கழிச்ச கூட்டம், இப்போ வடக்கு நார்வேயோட ஃபியோர்டுகளுக்குள்ள போய்த் தங்குச்சு. ஏன்? பழைய வழி தெரிஞ்ச மீன் உயிரோட இல்ல.

ஹெர்ரிங் பாதையைப் பெரியவங்ககிட்டதான் கத்துக்குதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. முதல் தடவை முட்டையிடப் போற இளசுங்க, வயசான மீன்களோட சேர்ந்து நீந்தி இடத்தைத் தெரிஞ்சுக்கும். நம்ம பாஷையில சொன்னா, கேடி. டாக்குமென்டேஷன் கிடையாது, சீனியர் கூடவே உட்கார்ந்து கத்துக்கணும். சீனியர் எல்லாரும் ஒரே மாசத்துல பேப்பர் போட்டா அந்த புராஜெக்ட் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

இது பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2025ல நார்வேயின் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அரில் ஸ்லோட்டெ குழு, நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அதே நார்வே ஹெர்ரிங், முட்டையிடுற இடத்தைத் தெற்கே இருக்கிற மோரே கரையில இருந்து வடக்கே லோஃபோட்டனுக்கு மாத்திடுச்சு. சுமார் 800 கி.மீ! சென்னையில இருந்து கன்னியாகுமரி போற தூரத்தைவிட அதிகம். காரணம்? பெரிய, வயசான மீன்களா பார்த்துப் பிடிச்சதுல அவங்க எண்ணிக்கை குறைஞ்சுது. அதே சமயம் 2016ல பொறந்த பெரிய தலைமுறை முட்டையிட வந்துச்சு. வழிகாட்ட ஆள் போதல. அதுங்க பக்கத்துலயே இடம் பார்த்துக்கிச்சு.

மீன்வளம்னா எத்தனை டன் இருக்குன்னுதான் முதல்ல கேப்போம். அந்தக் கேள்வி மட்டும் போதாது. அந்த டன்னுக்குள்ள எத்தனை வயசு மீன் இருக்குன்னும் கேக்கணும். எண்ணிக்கை பத்து வருஷத்துல திரும்பலாம். வழி தெரிஞ்சவங்க போயிட்டா, மீன் இருக்கும், ஆனா அதை நம்பி இருக்கிற ஊருக்கு வராது. 800 கி.மீ. தள்ளிப் போன மீனுக்குப் பின்னாடி மோரே கரையோட பறவைகளும் சின்னப் படகுகளும் போக முடியாது.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா ஒரு நண்பருக்கு அனுப்புங்க. மீன் சாப்பிடாதவங்களுக்கும் அனுப்பலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.