மழை மறைவுக் காடு



நீலகிரியின் மேற்குப் பக்கம் கூடலூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மசினகுடி தாண்டி மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இறங்குங்கள், 800 மில்லிமீட்டர் பெய்வதே அரிது. தென்மேற்குக் காற்று ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வறண்டு இங்கே வருகிறது. அந்த மழை மறைவில் பிழைத்து நிற்பதுதான் நம் சத்தியமங்கலத்து அடிவாரப் புதர்க்காடு.

பங்குனியில் போய்ப் பாருங்கள். உசிலை, வெட்பாலை, ஒதியன், கிளுவை எல்லாம் இலை உதிர்த்து நிற்கும். பட்டுப்போய்விட்டது என்பார்கள். இல்லை ஐயா! மரம் தண்ணீரை இழப்பது பெரும்பாலும் இலை வழியாக. அதனால் வறண்ட மாதங்களில் இலையை விட்டுவிட்டு உயிரைத் தண்டிலும் வேரிலும் காத்துக்கொள்கிறது. கிளுவையின் மேல்தோலை நகத்தால் கீறுங்கள், உள்ளே பச்சை! இலையில்லாத காலத்திலும் அந்தப் பட்டை வெயிலை வாங்கி உணவு செய்கிறது. ஒரு போத்தை வெட்டி ஊன்றினால் துளிர்க்கும். கொங்குநாட்டு உழவர்கள் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி அதைத்தானே உயிர்வேலியாக வைத்தார்கள்?

இந்திய அரசு 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் தரிசு நில வரைபடத் தொகுப்பில், புதர் நிலமும் ஒரு தரிசு வகை. யாருக்குத் தரிசு? புதர்களுக்கு நடுவே புல் மேயும் வெளிமானுக்கா? மாயாற்றங்கரை மரங்களில் கூடு கட்டும் பாறுக் கழுகுக்கா? மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே நடக்கும் யானைக்கா? விடத்தலை நெற்று உதிரும் நாளுக்குக் காத்திருக்கும் ஆட்டுக்காரருக்கா?

தரிசு என்று எழுதிவிட்டால், மரம் நட்டுப் பசுமையாக்க வருகிறார்கள். நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் வெயில் கேட்கும் புல்லின்மேல் நிழலைக் கவிழ்த்தால் புல் சாகும். புல் போனால் மான் போகும். உண்மையில் இந்தக் காட்டை விழுங்குவது வேறு. அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடியும், விறகுக்காகக் கொண்டுவந்த சீமைக்கருவேலமும்தான். வெட்டினால் மறுபடி தழையும். வேரோடு எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் திரும்பப் போய் முளைத்ததைப் பிடுங்க வேண்டும்.

ஊராட்சித் தலைவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த முறை மரம் நடக் குழி தோண்டுமுன், அங்கே என்னென்ன நிற்கிறது என்று ஓர் ஆட்டுக்காரரை அழைத்துக் கேட்டு எழுதுங்கள். உசிலை, கிளுவை, விடத்தலை என்று பெயர்கள் வந்தால் அங்கே குழி வேண்டாம். குழிக்கான பணத்தை உண்ணிச்செடி பிடுங்கும் கூலிக்குக் கொடுங்கள்.