கேஸ் க்ளோஸ்டு: சிக்கட்டிலோ 12 வருஷம் தப்பிச்சது எப்படி?

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் கனமானது. குழந்தைகள் கொல்லப்பட்டதைப் பத்திப் பேசப் போறோம். ரத்தக்களறி விவரங்களுக்குள்ள நான் போகல. இருந்தாலும் பக்கத்துல சின்னப் பசங்க இருந்தா அப்புறமா கேளுங்க.

ஆந்த்ரே சிக்கட்டிலோ. 1978-ல இருந்து 1990 வரைக்கும், பெரும்பாலும் தெற்கு ரஷ்யாவுல ரஸ்தோவ் வட்டாரத்துல கொலை பண்ணினவன். கோர்ட்டு தீர்ப்புப்படி 52 பேர். பெண்கள், சிறுமிகள், சிறுவர்கள். யூடியூப்ல இவனை ஏதோ பெரிய மூளைக்காரன் மாதிரி காட்டுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கேஸை மூடுறதுல போலீஸ் காட்டின அவசரம்தான் இவனைக் காப்பாத்துச்சு.

முதல் கொலை, தப்பான ஆள்

சிக்கட்டிலோ 1936-ல உக்ரைன்ல ஒரு கிராமத்துல பிறந்தவன். ரஷ்ய இலக்கியம் படிச்சவன், ஸ்கூல் வாத்தியார், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், மனைவி, ரெண்டு பிள்ளைங்க. மாணவிகள்கிட்ட தப்பா நடந்துக்கிறான்னு புகார் வந்தப்போ போலீஸுக்குப் போகாம, வேலையை விட்டுப் போகச் சொன்னாங்க. அவன் வேற ஸ்கூல்ல போய்ச் சேர்ந்துட்டான்.

1978 டிசம்பர்ல ஷாக்தி நகரத்துல 9 வயசுச் சிறுமி கொல்லப்பட்டா. சிக்கட்டிலோ அங்க யாருக்கும் தெரியாம ஒரு சின்ன வீடு வாங்கி வச்சிருந்தான். போலீஸ் அவனை விசாரிச்சது. ஆனா அதே ஏரியாவுல அலெக்சாண்டர் கிராவ்சென்கோன்னு ஒருத்தர் இருந்தார். ஏற்கனவே ஒரு கொலைக்கு ஜெயில்ல இருந்து வந்தவர். போலீஸுக்கு அது போதும். சம்பவ நேரத்துல அவர் வீட்டுலதான் இருந்தார்னு சொன்ன மனைவியை மிரட்டினாங்க. அவர்கிட்ட வாக்குமூலம் வாங்கினாங்க. பின்னாடி அவர் அதை மறுத்தும் பலன் இல்ல. 1983-ல மரண தண்டனை நிறைவேத்தினாங்க.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கிற ஆள், அதனால இப்படித்தான் யோசிக்கத் தோணுது. பக்-ஐ சரி பண்ணாம டிக்கெட்டை மட்டும் க்ளோஸ் பண்ணினா, அது ப்ரொடக்‌ஷன்ல ஓடிக்கிட்டேதான் இருக்கும். இங்க ஓடிக்கிட்டிருந்தது ஒரு கொலைகாரன்.

1984: கையில கிடைச்சவன்

1981-க்கு அப்புறம் அவனுக்கு ஒரு தொழிற்சாலையில சரக்கு வாங்குற வேலை. ஊர் ஊரா ரயில்ல சுத்தலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஸ்டேஷன்லயும் பஸ் நிலையத்துலயும் தனியா நிக்கிறவங்ககிட்ட பேச்சுக் கொடுத்து, பக்கத்துல இருக்கிற மரத்தோப்புக்குக் கூட்டிட்டுப் போவான்.

இதைப் பத்திப் பேப்பர்ல பெருசா எதுவும் வரல. சீரியல் கில்லர் எல்லாம் முதலாளித்துவ நாட்டுப் பிரச்னைங்கிறதுதான் அதிகாரப்பூர்வ நினைப்பு. அதனால பெத்தவங்க பிள்ளைங்களை எச்சரிக்கக்கூட வழியில்ல.

போலீஸ் மறுபடி அதே பழக்கத்துலதான் இருந்தது. 1983-ல மனவளர்ச்சி குன்றிய சில இளைஞர்களைப் பிடிச்சு வாக்குமூலம் வாங்கினாங்க. அவங்க உள்ள இருக்கும்போதே புதுக் கொலை நடந்தது. தன்பால் ஈர்ப்பு அப்போ அங்க சட்டப்படி குற்றம். அந்த ஆண்களைத் தேடித் தேடி விசாரிச்சாங்க, அதுல சிலர் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க.

1984 செப்டம்பர். ரஸ்தோவ் பஸ் நிலையத்துல ஒரு ஆள் மணிக்கணக்கா பெண்களை அணுகிக்கிட்டே இருக்கான்னு ஒரு போலீஸ்காரர் கவனிச்சு, பின்தொடர்ந்து பிடிச்சார். அது சிக்கட்டிலோ. பையைத் திறந்தா கத்தி, கயிறு, வாசலின்.

அப்புறமும் விட்டுட்டாங்க. கொலை நடந்த இடங்கள்ல கிடைச்ச விந்து மாதிரி ஏபி வகைன்னு லேப் சொல்லியிருந்தது. இவன் ரத்தம் ஏ. மேட்ச் ஆகல, இவன் இல்லன்னு முடிவு. நம்ம பாஷையில ஃபால்ஸ் நெகட்டிவ். சிலருக்கு ரத்தமும் விந்தும் வேற வேற வகை காட்டும்னு பின்னாடி சோவியத் தரப்புல விளக்கம் சொன்னாங்க. லேப் தப்பாத்தான் இருக்கும்னு பல நிபுணர்கள் நினைக்கிறாங்க. எதுவா இருந்தாலும், அந்த ஒரு ரிசல்ட்டு முன்னாடி பையில இருந்த கத்திக்கும் கயித்துக்கும் மதிப்பில்லாமப் போச்சு. வேலை பார்த்த இடத்துல திருடினதுக்காக சில மாசம் ஜெயில், டிசம்பர்ல வெளிய.

அதுக்கப்புறம் சுமார் 20 பேர் செத்தாங்க.

ஒரு குறிப்பு

1990-ல விசாரணைக் குழு ஒரு திட்டம் போட்டது. பெரிய ஸ்டேஷன்கள்ல யூனிஃபார்ம் போட்ட போலீஸை நிறுத்தினா, அவன் தானா சின்ன ஸ்டேஷன்களுக்குத் தள்ளப்படுவான். அங்க மஃப்டியில ஆள் இருக்கும்.

நவம்பர் 6. டொன்லெஸ்கோஸ்னு காட்டுக்குள்ள ஒரு சின்ன ஸ்டேஷன். மரங்களுக்கு நடுவுல இருந்து ஒருத்தன் வந்து கை கழுவுறான். கோட்டுல மண்ணும் புல்லும், கன்னத்துல சிவப்பா ஒரு தீற்றல். டூட்டியில இருந்த போலீஸ்காரர் அடையாளச் சீட்டைப் பார்த்தார். கைது பண்ணக் காரணம் எதுவும் இல்ல. ஆனா பேரை எழுதி ரிப்போர்ட் கொடுத்தார்.

ஒரு வாரம் கழிச்சு அந்த ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பெண்ணோட உடல் கிடைச்சது. ரிப்போர்ட்டுகளைப் புரட்டினப்போ சிக்கட்டிலோன்னு ஒரு பேர். இது 1984-லயே பார்த்த பேராச்சேன்னு பொறி தட்டுச்சு. நவம்பர் 20-ல கைது.

ஆனா ஆதாரம் கம்மி, பத்து நாளுக்குள்ள குற்றம் சாட்டியாகணும். விசாரணை அதிகாரி இசா கஸ்தோயெவ் எவ்வளவு கேட்டும் அவன் கொலைகளை ஒத்துக்கல. கடைசியா மனநல மருத்துவர் அலெக்சாண்டர் புகனோவ்ஸ்கியை உள்ள அனுப்பினாங்க. கொலைகாரன் எப்படிப்பட்டவனா இருப்பான்னு அவர் பல வருஷம் முன்னாடியே ஒரு அறிக்கை எழுதியிருந்தார். அதை அவனுக்கே படிச்சுக் காட்டினார். அவன் உடைஞ்சு போய்ப் பேச ஆரம்பிச்சான்.

போலீஸ் லிஸ்ட்ல இருந்தது 36 கொலை. அவன் சொன்னது 56. அதிகப்படியா வந்ததுல ஒண்ணு 1978, ஷாக்தி, 9 வயசுச் சிறுமி. போலீஸ் அந்தக் கேஸை இவனோட சேர்த்துப் பார்க்கவே இல்ல. அதுதான் ஏற்கனவே "தீர்ந்து போன" கேஸாச்சே.

1992-ல ரஸ்தோவ் கோர்ட்டுல, இரும்புக் கூண்டுக்குள்ள வச்சு விசாரணை. மரண தண்டனை. 1994 பிப்ரவரி 14-ல சுட்டாங்க.

கிராவ்சென்கோ மேல இருந்த கொலைப்பழி நீங்கினப்போ அவர் உயிரோட இல்ல. மரண தண்டனை வேணுமா வேணாமான்னு நாம ட்விட்டர்ல சண்டை போடுறப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது சிக்கட்டிலோ இல்ல, அவர்தான். தண்டனை கொடுத்தாச்சுங்கிற திருப்தியில உண்மையான ஆளைத் தேடுறதை நிறுத்திட்டாங்க. அதுக்கான விலையை மத்த 51 குடும்பம் கொடுத்தது.

இந்த எபிசோட் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு எழுதுங்க. குறிப்பா மரண தண்டனை வேணும்னு நினைக்கிறவங்க எழுதுங்க, அடுத்த வாரம் அதைப் படிச்சே ஆரம்பிக்கலாம்.