வாசல்வரை வந்தவள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



குடிபெயர்ந்தோரையும் ஏழைகளையும் பற்றித் திருச்சபை சொல்வது நமக்குப் புதிய பாடமன்று. கோயில் விறாந்தையிலும் வகுப்பறைத் தரையிலும் பாய் விரித்துப் படுத்தவர்கள் நாம். நம் சகோதரங்கள் கனடாவிலும் பிரான்சிலும் முன்பின் தெரியாத ஊர்களில் போய் இறங்கியபோது, யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கடன் நம் எல்லோர் பேரிலும் இருக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை அருட்சகோதரிகள் நமக்குப் பலமுறை வாசித்துக் காட்டினார்கள். இறுதித் தீர்வையில் பேசப்படுபவர்கள் பசித்தோர், தாகமுற்றோர், அந்நியர், ஆடையற்றோர், நோயாளர், சிறைப்பட்டோர். வைத்தியர்களாகிய எங்களுக்கு ஐந்தாமவரைக் கவனிப்பது எளிது. அதற்குச் சம்பளமும் உண்டு, நன்றியும் உண்டு. மூன்றாமவர்தான் கடினம். பசித்தவருக்குச் சோற்றுப் பார்சல் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அந்நியருக்கோ நம் நடுவில் இடம் கொடுக்கவேண்டும்.

நம் நாட்டின் அப்போஸ்தலர் புனித யோசப்வாஸ் அடிகளாரே ஓர் அந்நியர்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவைச் சேர்ந்த அவர் அனுமதியின்றி, ஏழைக் கூலியாளின் கோலத்தில் இங்கு வந்தார். நோயுற்று, பிச்சையெடுத்து, யாழ்ப்பாணத்தில் நடமாடினார். பத்து ஆண்டுகளின் பின் கண்டியில் பெரியம்மை பரவியபோது, ஊரவரே கைவிட்டோடிய நோயாளரைத் தம் கையால் கழுவி, உணவூட்டிப் பராமரித்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நாம் பெருமைப்பட்டோம். அன்று அவருக்கு வாசலில் இடம் கொடுத்த வீடுகளையும் நாம் நினைக்கவேண்டும்.

திருச்சபை உணர்ச்சிவசப்பட்டு மட்டும் இதைப் பேசுவதில்லை. வசதியுள்ள நாடுகள் தம்மால் இயன்றவரை வந்தோரை ஏற்கவேண்டும், வந்தோர் அந்நாட்டின் சட்டங்களை மதிக்கவேண்டும் என இரு பக்கக் கடமைகளையும் மறைக்கல்வி ஏடு 2241ஆம் இலக்கத்தில் கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டின் குடிபெயர்ந்தோர் நாளுக்கான செய்தியில் நான்கு சொற்களைத் தந்தார்: ஏற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல். நம்மில் பலர் முதற் சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்கிய மக்களுடன் ஒரு படகு முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்தது. அதைக் கண்டவர்கள் நம் மீனவர்கள். எல்லாவற்றையும் இழந்த ஒரு கரை, இன்னொரு மக்களின் துயரத்தை உடனே அறிந்துகொண்டது.

ஆனால், சகோதரிகளே, கடலால் வருபவருக்காக மனம் இளகும் நாம், நம் வீட்டுக்குள் வந்தவளை என்ன செய்தோம்?

நம்மில் பலருடைய வீடுகளில் மலையகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட ஒரு பிள்ளை நின்றாள். அவளுக்கும் நம் வயதுதான். காலையில் நமக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு, நம் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு இந்த வாசல்வரை வந்தாள். மணி அடித்ததும் நாம் உள்ளே ஓடினோம். அவள் திரும்பிப் போனாள். அன்று காலை நாம் படித்ததும் மறைக்கல்விதான். அவளுடைய முழுப் பெயர் இன்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவளுடைய மக்கள் 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர்கள். 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி அவர்களில் பலர் வன்னிக்கு வந்தார்கள். நம் போரை நம்மோடு சேர்ந்தே சுமந்தார்கள். இன்றும் அக்குடும்பங்களில் காணி உறுதி இல்லாதவர்கள் உண்டு. இரத்தச்சோகையுள்ள கர்ப்பிணித் தாய் ஒருவர், ஒருநாள் கூலியை இழக்க முடியாமல் கிளினிக்குக்கு வராமல் விடுகிறார். எழுதிக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசை அந்த நோயின் பாதிக்குத்தான் மருந்து என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களைக் குறித்து நம் வீடுகளில் வழங்கும் இழிசொல்லும் உங்களுக்குத் தெரியும்.

ஆதலால் நூற்றாண்டு நிதியைப் பற்றி ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். மண்டபத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் ஒதுக்கியதுபோல, வன்னியில் வாழும் அக்குடும்பங்களின் பெண்பிள்ளைகள் இங்கே விடுதியில் தங்கி உயர்தரம்வரை படிப்பதற்கும் ஒரு பங்கை ஒதுக்குவோம். அதை உதவி என்று சொல்லாமல், பிந்திக் கொடுக்கும் கடன் என்று கணக்கேட்டில் எழுதுவோம்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மணி அடிக்கும்போது அவளுடைய மகளோ பேத்தியோ தன் புத்தகப் பையோடு நம் பிள்ளைகளுடன் உள்ளே வரட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.