பொருளாதார ஆய்வுப் பட்டம்

வடமாலபேட்டையிலும் புத்தூரிலும் வாழும் நம் இளைஞர் சிலர், பொருளாதாரத்தில் முதுகலை முடித்தபின் முனைவர் பட்டத்திற்கு எங்கே சேர்வது என்று வினவுகின்றனர். அருகிலேயே, திருப்பதியில், 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் உளது. சென்னையில் மால்கம் ஆதிசேஷையா 1971-இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் உளது.

நிறுவனத்தின் பெயரினும் நெறியாளரையே முதலில் நோக்குதல் வேண்டும் என்பது என் கருத்து. இளமையில் மூன்று முதல் ஆறு ஆண்டுகளை அவரிடம் ஒப்படைக்கிறோம் அல்லவா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் எட்டு மாணவர்களையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நால்வரையுமே ஏற்கலாம். ஆகவே விரும்பும் ஆசிரியரிடம் இடம் உண்டா என்று முன்னரே விசாரித்து, அவருடைய கட்டுரைகள் இரண்டையேனும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

தேசியத் தகுதித் தேர்வுக்குப் படிப்போர் பலர் புள்ளியியலைக் கடைசிக்கு ஒதுக்குவர். அதனையே முதலில் தொடங்குதல் நன்று.

இனி, ஆய்வுப் பொருள். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துச் சிற்றூர்களை ஆராயச் செய்தார். 1918-இல் வெளிவந்த அந்நூலில் இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரமும் ஒன்று. வடமாலபேட்டைக்குப் பெயரளவில் உறவு போலும்! அவ்வூர்கள் பின்னரும் பன்முறை ஆராயப்பெற்றன.

சித்தூர்ப் பக்கத்துத் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகள் விலையை எவ்வாறு நிறுவுகின்றன? விளைவிப்போன் எவரிடம் கடன்படுகிறான்? தெலுங்கில் எழுதிய கணக்கையும் தமிழில் சொல்லும் குறையையும் ஒருங்கே அறியக்கூடியவர் நம் மாணவரே. கணக்கேட்டைத் திறந்து காட்டும் விவசாயி ஒருவரை இந்த மாம்பழப் பருவத்திலேயே தேடிக்கொள்ளலாம்.