மலையையும் படியுங்கள்



தமிழும் வரலாறும் பொருளியலும் வணிகவியலும் படித்து முடித்து இன்று பட்டம் பெறும் உங்களிடம் நான் பாறையைப் பற்றிப் பேசப் போகிறேன். நிலவியல் நமக்கு ஒட்டாத படிப்பு என்று உங்களில் பலர் எண்ணலாம். கல்வராயன் மலையடிவாரத்தில் படித்தவர்கள் அப்படி எண்ணிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் பேருந்தில் போயிருப்பீர்கள். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் மேலே செம்மண், அதன் கீழே உதிரும் பாறை, அடியில் கருங்கல் தெரியும். நம் மலையின் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற வகை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவானது. நிலம் மெல்ல மெல்ல மேலெழ, மேலே இருந்த பாறையை மழையும் வெயிலும் ஆறுகளும் அரித்துக்கொண்டே போக, கடைசியில் அது வெளியே வந்தது. சோழர் காலம், நாயக்கர் காலம் என்று நூற்றாண்டுகளில் எண்ணிப் பழகியவர்கள் ஒருமுறையாவது கோடி ஆண்டுகளில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரலாற்று மாணவர்களுக்கு ஒரு கேள்வி. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்கு வரும் நெடுஞ்சாலையும், சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையும் ஏன் ஆத்தூர், சின்னசேலம் வழியாக வருகின்றன? ஆத்தூர்ப் பக்கம் வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை, நடுவே வசிஷ்ட நதியின் பள்ளத்தாக்கு. பூமியின் மேலோட்டில் இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த நீண்ட பட்டை ஒன்று அங்கே ஓடுகிறது. அரைபட்ட பாறை சீக்கிரம் சிதையும். சிதைந்த இடத்தில் ஆறு இறங்கும், ஆற்றை ஒட்டி வண்டிப் பாதை வரும். மைசூர்ப் படைகள் கீழே இறங்கிய வழிகளில் இந்தக் கணவாயும் ஒன்று. தியாகதுருகத்தில் சமவெளி நடுவே தனியாக நிற்கும் பாறைக் குன்றின்மேல் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதும் இந்தக் கணவாயோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

மலைக்கு மேலே நிலைமை வேறு. அங்கே 1976 வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கம் இருந்தது. அதற்குப் பாறைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பொறுப்பு மனிதர்களுடையது, ஆட்சிகளுடையது. ஆனாலும் சாலை ஏற முடியாத அந்தச் செங்குத்துச் சரிவு ஜாகிர்தார்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று கேட்காமல் மலையாளிப் பழங்குடி மக்களின் வரலாற்றை எழுத முடியாது.

இப்படி நிலத்திலிருந்து தொடங்குவது தமிழ் மாணவர்களுக்குப் புதிதாகவே இருக்கக் கூடாது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த பிறகுதான் மற்றதைப் பேசுகிறது. குறிஞ்சி பாடிய கபிலரின் பெயரில் ஒரு குன்று நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. அது எந்தப் பாறை, ஆறு அரித்தும் ஏன் இன்னும் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த வட்டாரத்தின் நிலவியலை முதலில் விரிவாக எழுதியவர்கள் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும். சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னாற்காடு பகுதிகளைப் பற்றிய அவர்களின் அறிக்கை 1864இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கேதான் தொடங்கியது. பாறை தேடப் போனவருக்கு அது கருவி என்று எப்படித் தெரிந்தது? ஐரோப்பாவில் அப்போது கிடைத்துக்கொண்டிருந்த கற்கருவிகளைப் பற்றித் தன் துறைக்கு வெளியேயும் அவர் படித்து வைத்திருந்தார். அதே ஆண்டு அவரும் கிங்கும் சென்று பார்த்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். நிலவியலாளர் வரலாறு படித்ததால் நமக்குக் கிடைத்தது இவ்வளவு. வரலாறு படித்தவர் நிலவியலும் படித்தால் இன்னும் எவ்வளவு கிடைக்கும்!

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கரும்பும் மரவள்ளியும் காய்ந்த ஆண்டில் கடன் வாங்கிப் போர் போட்டு, புழுதி மட்டுமே வந்த குடும்பங்கள் இங்கே உட்கார்ந்திருக்கின்றன. பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது, ஆழம் போனால் எட்டிவிடலாம் என்று நம்புகிறோம். நம் கருங்கல் நிலத்தில் அப்படி ஆறு எதுவும் இல்லை. மேலே உதிர்ந்த பாறை அடுக்கிலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் ஒருவர் போரில் தண்ணீர் கொட்ட, நாற்பது அடி தள்ளிப் போட்டவர் கடனாளியாகிறார். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உதிர்ந்த பாறை எத்தனை ஆழம் வரை இருக்கிறது என்பதை மின்தடை அளவீடு ஓரளவு காட்டித் தரும்.

நாளை உங்களில் ஒருவர் வங்கியில் கிணற்றுக் கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பார். ஒருவர் கிராம நிர்வாக அலுவலராகக் கல்குவாரி மனுவைக் கையில் எடுப்பார். ஒருவர் வெள்ளிமலைப் பள்ளியில் பாடம் நடத்துவார். அந்த மேசைகளில் இந்த அறிவு இல்லாமல் போனால் நட்டம் ஊருக்கு. ஆத்தூரைத் தாண்டினால் சேலம் அரசு கலைக் கல்லூரியில் நிலவியல் துறையே இருக்கிறது. இந்தக் கல்லூரியில் அதை ஒரு விருப்பப் பாடமாகவாவது, மலையையே ஆய்வுக்கூடமாக வைத்து, தொடங்க வேண்டும் என்று முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் அடுத்த போர் போடும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். எத்தனை அடியில் மண் முடிந்தது, எத்தனை அடியில் கருங்கல் வந்தது, எங்கே தண்ணீர் கசிந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். பலனில்லாமல் போன போரையும் விடாமல் எழுதுங்கள். அந்த நோட்டை இந்தக் கல்லூரி நூலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.